‘ஆஃப்’ என்று எழுதியிருந்த பொத்தான்

யூ.எக்ஸ். டிசைனர் வேலை என்பது, முன்பின் தெரியாத ஒருவரின் விரல் திரையில் எந்த இடத்தில் தடுமாறும் என்று முன்கூட்டியே கவலைப்படுவது. ஊரார் செயலிகளுக்கெல்லாம் தாராளமாகக் கவலைப்பட்டுவிடுவோம். செய்த வேலையைக் காட்ட நமக்கென்று ஒரு வலைத்தளம் கட்ட உட்கார்ந்தால்தான் கை ஓடாது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வட்டங்கள்

சென்னைக் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நானும் குறைந்தேன். உத்திரமேரூரில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வெள்ளிக்கிழமை இன்டர்வியூ என்றது. அதற்குள் போர்ட்ஃபோலியோ தளம் தயாராக வேண்டும். பழைய வேலையில் செய்த எதையும் வெளியே காட்டமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்ததால், தளத்தில் என் பெயரும் மெல்ல மிதக்கிற சில வட்டங்களும்தான் இருந்தன.

அண்ணியிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வட்டங்கள் மிதந்து முடியும்வரை பொறுமையாக இருந்தார். கீழே தள்ளினார், மேலே தள்ளினார்.

“உம் பேரு நல்லா பெருசா கீது மாலதி. நீ இன்னா வேலை செஞ்சேன்னு எங்க போட்டுக்கீற?”

கம்ப்ரஸர் கொட்டகை

அண்ணன், கழனியில் இருக்கும் போர் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் ஓட்டுவார். அந்தச் செயலியை நானே மாற்றி வடிவமைத்து, அதையே தளத்தில் காட்டலாம் என்று தோன்றியது. படம் எடுக்கக் கழனிக்குப் போனேன். எங்கள் கழனி வேலையைப் பார்க்கிறவர், அவர் பெயரை ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம், மோட்டாரையும் போர் தண்ணீரை ஏற்றும் கம்ப்ரஸரையும் இணைக்கிற தேய்ந்த பெல்ட்டைக் கழற்ற வந்திருந்தார். வீட்டில் இருந்த அண்ணனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, “மோட்டார் நின்னுகினுதானே கீது? கை வெக்கப் போறேன்” என்றார். “இரு, எதுக்கும் ஆஃப் பண்ணிட்றேன்” என்றார் அண்ணன்.

அண்ணனின் போன் திரையில் ஒரே ஒரு பெரிய பொத்தான். அதில் ‘ஆஃப்’ என்று இருந்தது. மோட்டார் நின்றிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அழுத்தினால் நிற்கும் என்று அண்ணன் படித்துக்கொண்டார். அழுத்தினார்.

மோட்டார் உறுமிக் கிளம்பியது. குனிந்திருந்த ஏழுமலையின் தோள் துண்டை பெல்ட் கவ்வி இழுத்தது. துண்டோடு அவர் கழுத்தும் சக்கரத்தை நோக்கிப் போனது. கையை ஊன்றி, தோளை உதறிப் பின்னால் விழுந்தார். “நிறுத்துண்ணா!” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தேன். சக்கரம் நின்றபோது துண்டு அதில் கயிறாகச் சுற்றியிருந்தது. ஏழுமலையின் விரல்களில் தோல் உரிந்து ரத்தம். தரையில் கிடந்த போனில் அண்ணன் இன்னும் அலறிக்கொண்டிருந்தார்.

“இப்ப ‘ஆன்’னு இல்ல காட்டிகினு கீது! அத அமுக்குனா எப்டி நிக்கும்?”

அண்ணன்

அண்ணன் அந்தச் செயலியை அழித்துவிட்டார். மோட்டார் போட வண்டியில் போய் வந்தார். ஏழுமலை இருக்கும் பக்கம் போகவில்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நடந்ததைத் தளத்தில் எழுதலாமா என்று கேட்டேன். “ஊரு சிரிக்கணுமா?” என்று வெளியே போய்விட்டார். இன்டர்வியூ நெருங்கிக்கொண்டிருந்தது. காட்ட வேறு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் சம்மதிக்காமல் அதை வெளியிட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் அவரே வந்து லேப்டாப்பைக் கேட்டார். நான் எழுதி வைத்திருந்ததை வரி வரியாகப் படித்தார். ‘தவறு அவர் விரலில் இல்லை, அந்தச் சொல்லில் இருக்கிறது’ என்ற இடத்தில் நின்றார். அதன் கீழே என் புது வடிவம்: மேலே ‘மோட்டார் நின்றிருக்கிறது’ என்ற அறிவிப்பு, கீழே தனியாக ‘மோட்டாரை ஓட்டு’ என்ற பொத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இத ஏழுமலைகிட்ட நீயே படிச்சிக் காட்டு மாலதி. என் வாயால சொல்ல வரல.”

ஏழுமலை

என்னைத் தன் வீட்டு வாசலில் பார்த்ததுமே, கட்டுப் போட்ட கையால் சைகை காட்டித் தெரு முனைக்கு அழைத்துப் போனார். என்ன கோபமோ என்று பயந்துகொண்டே படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். “அண்ணன வரச் சொல்லும்மா. நான் இன்னா கோச்சிக்கினா கீறேன்?” என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“எழுதிக்கோ. பேரு மட்டும் வோணாம். எங்கூட்டுக்காரிகிட்ட முள்ளு கீச்சிடுச்சின்னு சொல்லி வெச்சிக்கீறேன். நெசம் தெரிஞ்சா என்ன கொட்டா பக்கமே வுடமாட்டா.”

வெள்ளிக்கிழமை

வீடியோ காலில்தான் இன்டர்வியூ. எதிரே ஒரு பெண்மணி. சிரிப்பே இல்லை. வட்டங்களைத் தாண்டி நேராக மோட்டார் பக்கத்துக்குப் போய்ப் படித்தார். முகம் மாறியது. இணைப்புதான் அறுந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அசையாமல் இருந்தார். வேலை போனது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் சட்டென்று தமிழுக்கு வந்தார்.

“எங்கப்பாவும் ஊர்ல இதே மாதிரி ஒண்ணுதான் வெச்சிருக்கார். இன்டர்வியூவை அப்புறம் பாத்துக்கலாம் மாலதி, இப்ப அவருக்கு போன் பண்ணி நான் என்ன சொல்லணும், அதை முதல்ல சொல்லுங்க.”

வேலை கிடைத்துவிட்டது, முதல் நாளே என்னை நம்பி ஒப்படைத்த பொறுப்பு, பச்சையாக இருந்த ஒரு பொத்தானை இன்னும் கொஞ்சம் பச்சையாக்குவது.