துணி இழுக்கும் இரு பெண்கள்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, ஒரு படுக்கை விரிப்பை மடித்தது. பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஓர் அடுக்குமாடியின் நிலவறையில், சலவை இயந்திரங்களுக்கு நடுவே, ஞானாம்பிகை ஒரு முனையையும் மகள் சாம்பவி மறுமுனையையும் பிடித்திருந்தார்கள்.

"இழு பிள்ளை. சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கவோ இஞ்சினியருக்குப் படிச்சனீ?"

அம்மா வலக்காலைப் பின்னே ஊன்றி ஒரு சுண்டு சுண்டினார். சுருக்கம் போய்விட்டது. பிறகு கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

டவுன்டவுன் ஓவியக்கூடம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக அவர் தரை துடைத்து வந்தார். அப்போது அங்கே ஜப்பானிய மரஅச்சுப் படங்கள் வந்திருந்தன. உப்புநீர் சுமக்கிறவர்கள், பட்டுப்பூச்சிக்கு இலை நறுக்குகிறவர்கள், எல்லாரும் பெண்கள். கதவு திறக்குமுன் நாளுக்கொரு படத்தின் முன்னே சற்று நிற்பது அவர் வழக்கம். இந்தப் படத்தில் இருவர் ஒரு நீளத் துணியைப் பிடித்திருந்தார்கள். கீழே பிரெஞ்சில், 'துணியோடு விளையாடும் பெண்கள்.'

"விளையாட்டோ? அவளின்ர காலைப் பாரடி. தோய்ச்ச துணியை இழுத்து நேராக்கினம்."

"படிச்ச ஆக்கள் எழுதினது, அம்மா."

"ஓம், படிச்சவை. தோய்ச்சவையோ? பிழையெண்டு பிரெஞ்சில நீ எழுதித் தா. நான் எழுதினா சிரிப்பினம்."

"பேந்து எழுதுறன்."

சாம்பவி பாலங்களின் இழுவிசையைக் கணக்கிடுகிறவள். படத்தில் துணி கோடுபோல நின்றது. இழுக்காத துணி அப்படி நிற்காது. அவள் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிட வேலைதானே, பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். திங்கள் அம்மா கேட்டார். செவ்வாயும் கேட்டார். புதன் கேட்கவில்லை. வியாழன் காலை, வேலைக்குப் போகும் வழியில், மெட்ரோ படிகளில் மாரடைப்பு.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் சாம்பவி கடிதம் எழுதி ஓவியக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் வேறு கண்காட்சி. மரஅச்சின் சாயம் வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பதால் சில மாதங்களே மாட்டுவார்களாம். பிறகு ஆண்டுக்கணக்கில் இருட்டறை. படங்கள் போய்விட்டன.

அம்மாவோடு வேலை செய்த யோசெப்பின், அவருடைய அலுமாரியில் கிடந்தவற்றைக் கொடுத்தார்: ஒரு கம்பளிச் சட்டை, பார்வையாளர் கருத்துத் தாள் ஒன்று.

"பெட்டிக்குள்ள போடுங்கோவன் அக்கா எண்டு எத்தினை தரம் சொன்னனான். மகள் ஒருக்காப் பார்க்கட்டும் எண்டு வைச்சிருந்தவ."

தாளில் படத்தின் எண், அம்மாவின் பெயர். அதன் கீழே பென்சிலால் ஒரே ஒரு பிரெஞ்சு வரி: 'இவர்கள் வேலை செய்கிறார்கள்.' திருத்த ஒன்றும் இல்லை.

கருத்துத் தாள் போடும் பெட்டி வாசலருகேதான் இருந்தது. அதன் மேல் தூசியைக்கூட அம்மாதான் நாளும் துடைத்திருப்பார். தாளை மட்டும் போடவில்லை.