ஒரு கல் மிச்சம்

எங்கள் அண்ணிக்கு முட்டியில்தான் பிழைப்பு. இருபது வருடமாகக் குளியலறைகளில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டி, இரண்டு முட்டியும் பன் மாதிரி வீங்கிவிட்டன. அவர் கம்பெனியில் மேற்பார்வை வேலை ஒன்று காலியானது, நின்றபடியே பார்க்கலாம். ஆனால் பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்க வேண்டும். அண்ணியோ கணக்கில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டவர். இது கடைசி வாய்ப்பு.

கணக்கில் புலி என்று பெயரெடுத்த நாத்தனார் நான் எதற்கு இருக்கிறேன்? x² + 5x + 6. பெருக்கினால் ஆறு, கூட்டினால் ஐந்து வரும் இரண்டு எண் எது என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டேன். அண்ணி திருதிருவென்று விழித்தார். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள், தான் வேலை பார்க்கும் வீட்டுக்கு வரச் சொல்லி அண்ணியிடமிருந்து போன். போனால், தரையில் ஒரு பெரிய சதுரக் கல், ஐந்து நீளத் துண்டு, ஆறு சின்னக் கல். பெரியது x², துண்டு x, சின்னது ஒன்று. பெரிய கல்லின் ஒரு பக்கம் இரண்டு துண்டு, அடுத்த பக்கம் மூன்று, மூலையில் ஆறு கல். கச்சிதமான செவ்வகம்! ஒரு விளிம்பு x + 2, மறு விளிம்பு x + 3. கதவில்லாத அந்தக் குளியலறையில் இருவரும் கைகோத்துக் குதித்தோம். பிளம்பர் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டார்.

பரீட்சை முடிந்து வந்ததும் வினாத்தாளைப் பிடுங்கினேன். x² + 5x + 7-ஐக் காரணிப்படுத்துக. அண்ணி என்ன எழுதினாராம்? எப்படி அடுக்கினாலும் ஒரு கல்லாவது மிஞ்சுகிறது, இதைக் காரணிப்படுத்த முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சுப்பிழை என்று கூடவா தெரியாது, ஆறு என்று வைத்து எழுதியிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"கல் மிஞ்சினா மிஞ்சுதுன்னுதானே சொல்லணும்? மறைச்சு ஒட்டுறதுக்குப் பேர் வேலையா?" என்றார் அண்ணி.

ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான். முடிவு வந்தது. சரியாக பாஸ் மார்க். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேள்வி தப்புதான், முடியாது என்று எழுதியவர்களுக்கு மட்டுமே மார்க் என்று அறிவித்திருந்தார்கள். நான் கத்தியபடி ஆறு என்று வைத்து எழுதியிருந்தால் அண்ணி அம்பேல். வெட்கத்தில் அழுதேனா, சந்தோஷத்தில் சிரித்தேனா, எனக்கே தெரியாது.

புது வேலையின் முதல் நாள். சாயங்காலம் வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தேன். பாதம் என்னமா வலிக்குது தெரியுமா!"