வாய் கட்டிய பத்து நாள்

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அந்த வயதில் ஒருவன் வலியப் போய்த் தன் காதோரத் தோலை வெட்டித் தைத்துக்கொண்டான் என்றால் அவனை என்னவென்று சொல்வது? நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். நான் எனக்கு வைத்திருக்கும் பெயரை அச்சில் போடமாட்டார்கள்.

மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். ஒன்பது வருடமாக ஊருக்குப் போகவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள் என்று கடிதம் வரும். நான் முதல் வருடமே ஸ்டூடியோவுக்குப் போய், ஒரே நாளில் கோட்டை மாற்றி மாற்றிப் பத்துப் படம் எடுத்து வைத்திருந்தேன். வருடத்துக்கு ஒன்றாக அனுப்பினேன். முதலில் சோம்பலால்தான் அப்படிச் செய்தேன். பிறகு கன்னம் தொங்கி, தாடைக்குக் கீழே பை விழுந்தபோது அது சோம்பலாக இல்லை. மாசி மாதக் கப்பலில் வருகிறேன் என்று அவள் எழுதிய அன்று, மிச்சமிருந்த படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் இருந்த மனிதனைத் தேடிக்கொண்டு ஒருத்தி கடல் கடந்து வருகிறாள், நான் எங்கே போவது?

பெரிய யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஒரு டாக்டர் வந்து, ஒரு ஹோட்டலுக்குப் பின்புறம் மாடியில் இரண்டு அறை எடுத்திருந்தார். வயதான வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் சுருக்கத்தை எடுப்பவர் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். தை பிறந்ததும், பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக அவரிடம் போனேன். காதுக்கு முன்னால் இருந்த தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, மையால் கோடு போட்டார். மரத்துப்போக ஊசி குத்தினார். வலிக்கவில்லை. ஆனால் கத்தரிக்கோல் வெட்டும் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. தையல் போட்டு, தாடையைச் சுற்றித் தலை உச்சிவரை கட்டுப் போட்டார். பத்து நாள் சிரிக்கக்கூடாது, மெல்லக்கூடாது, பேசக்கூடாது. சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். பேசினால் தையல் பிரியும், பிரிந்தால் முகம் கோணிக்கொள்ளும் என்றார்.

சிராங்கூன் சாலையில் என்னோடு மாடியைப் பகிர்ந்திருந்தவரும் எங்கள் ஊர்க்காரர், இன்னொரு கம்பெனியில் கிளார்க். வீங்கிய முகம் அவர் கண்ணில் படாமலிருக்க, கட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே வாயை மூடிக் கட்டிக்கொண்டேன். பல்வலி என்று ஜாடை காட்டத்தான் நினைத்திருந்தேன். அவர் உள்ளே வந்து பார்த்தார், செருப்பைக் கழற்றினார், குரலைத் தாழ்த்தினார்.

“வாய் கட்டியிருக்கிறியளோ? எத்தினை நாளைக்கு?”

கதிர்காமத்தில் பூசாரி வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் முருகனுக்குப் பூசை செய்வார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். தைப்பூசம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. முருகனுக்கு மௌன விரதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். பொய் சொல்லவில்லை, விரலைத்தானே காட்டினேன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாளே தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மாடிப்படியில் பால் வந்தது, வாழைப்பழம் வந்தது. கீழ்க் கடைக்காரர் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது.

நான்காம் நாள் காலையில் எங்கள் சலவைக்காரன் வந்தான். டோபி காட் என்னும் சலவைத் துறையில் துவைப்பவன், தஞ்சாவூர்ப் பக்கம். துணி மூட்டை இல்லாமல் வந்தான்.

“ஐயா, மூணு நாளா எம் பொஞ்சாதிக்கு வயித்து வலி. வலது பக்கம் கை வைக்க முடியல, உடம்பு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன்னு எல்லாரும் சொல்றாங்க. அங்க அறுப்பாங்களாம். அவ பயப்படுறா. உங்க கையால துளி திருநீறு குடுங்க, அது போதும்.”

அறுப்பார்கள் என்று ஒருத்தி உயிர் போகும் வலியில் பயந்து கிடக்கிறாள். நல்ல தோலைக் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுத்த நான் அவள் புருஷன் முன்னால் சாமியாராக உட்கார்ந்திருக்கிறேன். வலது பக்க வயிற்று வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் பியூன் ஒருவன் அதில்தான் போனான். “ஆஸ்பத்திரிக்குப் போ” என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் தையல் பிரியும். கையால் காட்டலாம். காட்டினால், விரதத்தில் இருப்பவர் ஏன் சாமியை நம்பாதே என்கிறார் என்று கேட்பான், அதற்குப் பேச வேண்டி வரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் இவ்வளவையும் யோசித்தேன். யோசித்துவிட்டுத் திருநீற்றை எடுத்துக் கொடுத்தேன். அவன் என் காலைத் தொட்டான்.

ஏழாம் நாள் அவள் செத்துப்போனாள். மாடி நண்பர்தான் வந்து சொன்னார். நான் எழுந்தேன். விரதக்காரர் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவர் என்னைத் தடுத்து உட்கார வைத்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

பத்தாம் நாள் டாக்டர் தையலைப் பிரித்தார். தாடை கொஞ்சம் ஏறியிருந்தது. வெட்டிய இடம் ஆறாமல் தடித்து, இரண்டு காதோரத்திலும் மண்புழு போலத் தழும்பு நின்றது. தலைப்பாகையை இறக்கிக் கட்டி அதை மறைத்தேன். மாசியில் மனைவி தஞ்சோங் பகாரில் கப்பலை விட்டு இறங்கினாள். தலை முழுக்க நரை, முன்பல் இரண்டு இல்லை. என்னைச் சற்று நேரம் பார்த்தாள். “என்னப்பா, மெலிஞ்சு போட்டியள்” என்றாள். அதற்கு மேல் என் முகத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று நான் ரிக்‌ஷாவில் அழுதேன். ஒன்பது வருடப் பிரிவு என்று நினைத்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சலவைக்காரன் எப்போதும்போல் துணி எடுக்க வந்தான். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. கடைசி நேரத்தில் உங்கள் திருநீறாவது அவள் நெற்றியில் இருந்தது என்று இரண்டு தடவை சொன்னான். நான் வாய் பேசக்கூடியவனாக எதிரே நின்றுகொண்டு, இரண்டு தடவையும் பேசாமல் இருந்தேன்.

அடுத்த ஆடியில், ஒரு மத்தியான வேளையில், ஐந்து வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மூன்று நாள் காய்ச்சல். ஐயா இவளுக்காக ஒரு நாள் வாய் கட்டி உட்கார வேண்டும் என்றான். நான் தலைப்பாகையை அவிழ்த்தேன். இரண்டு தழும்பையும் காட்டினேன். டாக்டர், கத்தரி, துண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தும் நிறுத்தவில்லை.

அவன் ஒரு காதைப் பார்த்தான், சுற்றி வந்து மறு காதைப் பார்த்தான். கோபப்படுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்து நின்றேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போடான்னு சொல்லியிருந்தா, இந்தத் தையல் பிரிஞ்சிருக்கும். அவ்வளவுதானேய்யா?” என்றான்.

பதிலுக்கு நிற்கவில்லை. மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.