ஈசோப்பு என்றால் என்ன சோப்பு?

ராயபுரத்தில் எங்கள் சபையில் கிரேக்கம் படித்தவன் நான் ஒருவன்தான். ஐம்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது, குருப்பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். குரங்கு கையில் பூமாலை மாதிரி என் கையில் கிரேக்கம்.

கோயில் பெருக்கும் அக்காவுக்கு இரண்டு கைகளிலும் வெண்படை. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது. சபை மூப்பரோ அதைக் குஷ்டம் என்று சொல்லி, எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கும் திராட்சரசத்தை அவளுக்கு நிறுத்திவிட்டார். கை சுத்தமானால் ஈஸ்டர் அன்று பந்திக்கு வரலாம் என்றார். அவளுக்கு அந்த ஒரு வாய் ரசம்தான் உலகம்.

ஒரு ஞாயிறு, ஈசோப்பால் தன்னைச் சுத்தமாக்கும்படி ஒருவன் மன்றாடும் வேதாகமச் சங்கீதத்தை வாசித்தார்கள். ஆராதனை முடிந்ததும் துடைப்பமும் கையுமாக என்னிடம் வந்தாள்.

"இன்னா நைனா, ஈசோப்புன்றாங்களே, அது இன்னா சோப்பு? நம்ம பக்கம் கெடைக்குமா?"

கூட இரண்டு தோழர்கள் நின்றிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அது சீமைச் சோப்புக்கா. இங்க கெடைக்காது. சவுக்காரமே போதும். தேங்கா நாரு போட்டு அழுத்தித் தேய்க்கணும்."

"தேச்சா பூடுமா?"

"பூடும்."

அவள் அந்தப் பக்கம் போனதும் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதே மாதம் தேர்வில் அந்தச் சொல்தான் வந்தது. ஹூஸ்ஸோபோஸ். சோப்பு இல்லை, ஒரு செடி. குஷ்டம் ஏற்கெனவே ஆறிவிட்டவன்மேல், அதன் கொத்தை இரத்தத்தில் தோய்த்து ஆசாரியன் தெளிப்பான். செடி எந்த நோயையும் போக்காது. இவன் சுத்தமானவன் என்று ஊரறியச் சொல்லும் சடங்கு அது, அவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அவளுக்கும் அப்படிச் சொல்ல ஒரு வாய்தான் வேண்டியிருந்தது. நான் திறக்கவில்லை.

ஈஸ்டர் அன்று வெளுத்த புடவையில் வந்து பந்தியில் என் பக்கத்தில் முழங்காலிட்டாள். நீட்டிய கைகளில் தோல் இல்லை. சதை சிவந்து நீர் கசிந்தது.

"பாத்தீங்களா? முத்திப்போச்சு. இனிமே இந்தம்மா கோயில் பக்கமே வரக்கூடாது," என்றார் மூப்பர். முழங்காலிட்டிருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் என் குருப்பட்டம் போய்விடும் என்று பயந்தேன். என்னை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்புதான்.

எழுந்து போகுமுன் அவள் என் காதருகே குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தேச்சிருக்கணுமா நைனா?"

"ஆமா," என்றேன்.