அக்கா அடுக்கிய கற்கள்

பிள்ளைகளே, அத்தை ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். அவளுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவந்தேன். அது பொய். உண்மையை எழுதியே விடுகிறேன்.

அரவேணுவுக்கு மேலே, நாங்கள் குடியிருந்த எஸ்டேட் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஒரு பாறை முகடு போகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து உச்சிகள். ஏறி முடித்தோம் என்று மூச்சு விட்டால் அடுத்தது முன்னால் நிற்கும். எனக்கு எட்டு வயதில், ஒருநாள் காலையில் அப்பா என்னையும் அக்காவையும் அதன் வழியே கூட்டிப் போனார். அந்தப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் விருந்து என்றார். பஸ்ஸிலேயே போகலாமே என்றேன். நடந்தால்தான் நன்றாகப் பசிக்கும் என்றார். பஸ்ஸில் அக்காவின் டீச்சர் வருவார், எங்கே போகிறீர்கள் என்று கேட்பார் என்பதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அக்கா அப்போது எட்டாம் வகுப்பு. உச்சிக்கு உச்சி மூன்று தட்டைக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

“மேகம் எறங்கிட்டா வழி தெரியாதுடா. திரும்பி வர்றப்ப இதப் பாத்து வந்துரலாம்.”

அப்பா காதில் விழாதவர்போல் முன்னால் நடந்தார்.

விருந்து எதுவும் இல்லை. அது ஒரு தேயிலை ஃபேக்டரி முதலாளியின் வீடு. பின்வாசலில் டீ கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாள் கைக்குழந்தையை அக்காவின் இடுப்பில் வைத்துவிட்டு, ஒரு பை மொறுமொறு வர்க்கியை என்னிடம் நீட்டினார். கடைக்குப் போய் வருகிறோம் என்று அப்பா அக்காவிடம் சொன்னார்.

“பட்டனைப் போடுடா, குளுரும்” என்றாள் அக்கா என்னிடம்.

கடையைத் தாண்டி நாங்கள் முகட்டில் ஏறியபோதுதான், அக்கா வரவில்லையா என்று கேட்டேன். இனி அவள் அங்கேதான், அப்பாவுக்கு அந்த ஃபேக்டரியில் வேலை தருவார்கள் என்றார். முதல் கல் அடுக்கு வந்ததும் நின்றார்.

“எட்டி ஒதைடா பாப்பம். ஒண்ணு சாச்சா ஒரு வர்க்கி.”

“அக்கா வர்றதுக்கு வெச்சதுப்பா.”

“அவ பஸ்ல வருவா.”

உதைத்தேன். சரிவில் கற்கள் உருண்டு போகும் சத்தம் நன்றாக இருந்தது. ஐந்து அடுக்கு, ஐந்து வர்க்கி. அப்பா ஒன்றுகூடத் தின்னவில்லை. அவருக்கு வர்க்கி பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. இரண்டே வருடத்தில் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். அக்காவின் படிப்பு நின்றது நின்றதுதான்.

உங்கள் தாத்தா இறந்த அன்றுதான் அவள் அதைப் பற்றிப் பேசினாள். நாங்கள் விட்டுவிட்டு வந்த ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறாள். முகட்டில் மேகம் இறங்கிவிட்டதாம்.

“பொழுதுக்கும் கல்லத் தேடுனேன்டா. ஒண்ணுகூட இல்ல. காத்துல சாஞ்சிருச்சோ என்னமோ.”

முதலாளி வீட்டார் ஆள் விட்டுத் தேடி, அவளைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய்விட்டார்கள்.

காற்றுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். “நாந்தான்க்கா ஒதைச்சேன்” என்றேன். எதுக்குடா என்று கேட்டாள். வர்க்கிக்கு என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனாள். அதன்பிறகு வரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், பஸ் ஏறி அந்தப் பக்கம் போய் இறங்கினேன். அங்கிருந்து தனியாக முகட்டில் ஏறி, ஒவ்வொரு உச்சியிலும் மூன்று மூன்று கல்லாக அடுக்கிக்கொண்டே லயத்தைப் பார்த்து நடந்தேன்.