பட்டனை அமுக்கியது நான்

மூன்று மாதத்திற்கு முன்பு என் அண்ணன் என்னிடம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கேட்டான். பள்ளிக்கூட நோட்டு, நாற்பது பக்கம், பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். எதையும் கைமாற்றும்போது அப்படிச் செய்வது என் வழக்கம். அவன் சிரித்தான்.

"உன் நோட்ட நான் என்னா தின்னப்போறேனா?"

தின்னவில்லை. தின்றிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்த நோட்டில் இருப்பது எண்கள். நாங்கள் சுங்கை லாலாங் எஸ்டேட்டில் இருந்து பீடோங்கில் இருந்த இடைநிலைப்பள்ளிக்குப் போய்வந்த காலத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடையின் பின்பக்கம் முதலாளியான சீனத் தவுக்கே ஐந்து கேம் மேசின்களைப் போட்டிருந்தார். அவற்றில் ஒன்றை ஊரே நண்டு மேசின் என்று சொல்லும். திரையின் அடியில் ஒரு படகு. மேலிருந்து நண்டு மாதிரி உருவங்கள் வரிசை வரிசையாக இறங்கிவரும். படகை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே மேலே சுட வேண்டும். எல்லா நண்டும் தீர்ந்தால் அடுத்த திரை. இடையிடையே திரையின் உச்சியில் ஒரு சிவப்பு வண்டி குறுக்கே ஓடும். அதை நாங்கள் பஸ் என்றோம், ஏனென்றால் அதுவும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஓர் ஆட்டத்துக்கு இருபது காசு. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் வழி இருந்தது. அதனால் ஆட்டத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அந்தக் கடையில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் ஆடினார்கள். ஒருவர் இடது பக்கம் நின்று படகை நகர்த்தும் ஸ்டிக்கைப் பிடிப்பார். இன்னொருவர் வலது பக்கம் நின்று சுடும் பட்டனை அமுக்குவார். எங்களில் ஸ்டிக் அண்ணன். பட்டன் நான்.

சும்மா அமுக்கவில்லை. எண்ணினேன். பஸ்ஸைச் சுட்டால் பெரும்பாலும் ஐம்பது புள்ளி கிடைக்கும். ஆனால் எப்போதாவது முந்நூறு விழும். எல்லாரும் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை கிடையாது, அப்போதும். ஒரு திரை தொடங்கியதிலிருந்து எத்தனையாவது குண்டு பஸ்ஸின்மேல் பட்டது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். வீட்டுக்குப் போனதும் நோட்டில் எழுதினேன். இரண்டு மாதத்தில் முதல் திரையின் எண் பிடிபட்டது. அந்த எண்ணில் வரும் குண்டு பட்டால் முந்நூறு, அதற்கு ஒன்று முன்னே போனாலும் பின்னே போனாலும் ஐம்பது. ஒவ்வொரு திரைக்கும் வேறு எண். ஐந்து திரைகளின் எண்கள் நோட்டில் இருக்கின்றன. ஆறாவது திரைக்கு நாங்கள் ஒரே ஒரு முறைதான் போனோம்.

அண்ணன் இப்போது பாக்கார் ஆராங்கில் இருக்கிறான். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. கூட வேலை செய்யும் மலாய் நண்பர் ஒருவருக்குப் படம் வரைய வரும். இவனுக்கு நிரல் எழுத வரும். இருவரும் சேர்ந்து நண்டு மேசினைக் கைப்பேசியில் ஆடும்படி மறுபடி செய்கிறார்கள். நோட்டு அதற்குத்தான். பீடோங் கடையில் இருந்த மேசின் அசல் கிடையாது, யாரோ எங்கேயோ நகலெடுத்தது. இணையத்தில் கிடைக்கும் எண்கள் அதற்குப் பொருந்தாது. என் நோட்டு மட்டும்தான் பொருந்தும்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைக் காட்டக் கூப்பிட்டான். மதியச் சாப்பாடு முடிந்து, மலாய் நண்பரும் வந்திருந்தார். அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"கோலா கெடாவுக்குப் போயி நாலு நண்டு வாங்கிட்டு வாங்கன்னா இவருக்கு முதுகு வலி. இந்த நண்டுக்கு மட்டும் மூணு மாசமா முதுகு வலிக்கவே இல்ல, பாரேன்."

"அந்த நண்ட குழம்பு வைக்கலாம். இந்த நண்டு சாகாதுலா," என்றான் அண்ணன்.

கைப்பேசியை என் கையில் கொடுத்தான். ஒத்துக்கொள்கிறேன், அழகாக இருந்தது. நண்டுகளுக்குக் கொடுக்கு அசைந்தது. படகுக்குப் பின்னால் தண்ணீர் அலை விரிந்தது. செத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பஸ் வரப்போகும்போது மூலையில் ஒரு விளக்கு மின்னி அறிவித்தது. "சோபா லா, காக்," என்றார் நண்பர். ஆடிப் பாருங்கள் அக்கா என்று.

வலது கைக் கட்டைவிரலால் பட்டனைத் தேடினேன். இல்லை.

"பட்டன் எங்கண்ணே?"

"வேணாம்லா. அது தானா சுடும். இப்பல்லாம் அப்படித்தான், ஒரு விரல் போதும். நீ நகத்திட்டே இரு."

"எண்ணிக்கை?"

"அதுவும் தானா எண்ணும். உன் நோட்டுல இருக்கிற நம்பர் எல்லாம் உள்ள போட்டிருக்கேன். அந்த நம்பர் குண்ட மட்டும் பிடிச்சு வச்சிருந்து, பஸ் வந்ததும் விடும். எப்பவும் முந்நூறுதான்!" அவன் முகத்தில் அவ்வளவு பெருமை. "சூப்பர்லா?"

பார்த்துக்கொண்டிருந்தேன். படகு தானாகச் சுட்டது. பஸ் வரும் நேரத்தில் நான் மூச்சைப் பிடித்து நிற்பேனே, அதேபோல ஒரு கணம் நிறுத்திவிட்டுச் சுட்டது. முந்நூறு விழுந்தது. என் நோட்டைப் படித்து என்னைச் செய்து உள்ளே வைத்துவிட்டு, என்னை வெளியே எடுத்திருந்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் எதையும் கடைசிப் பக்கம் வரை படிப்பவள். 'இந்த ஆட்டத்தைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்தேன். எட்டு வரிகள். பீடோங் கடையைப் பற்றி, தவுக்கேயைப் பற்றி. ஆறாவது வரி இது: "பள்ளி முடிந்ததும் நான் தினமும் ஆடுவேன், என் தங்கச்சி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாள்."

அண்ணி பாயாசம் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு காரை எடுத்தேன்.

நான் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்ப்போம், எங்கேயாவது துளி கசிகிறதா என்று. கசிந்தால் அந்தக் கையுறை மட்டுமல்ல, அது வந்த பெட்டி முழுவதும் திரும்பக் கேள்விக்கு வரும். திங்கட்கிழமை அந்த வரிசையின் முன்னால் நின்றபோது இந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது அண்ணன் புதிதாக எழுதிய வரி அல்ல. முன்பே ஒருமுறை சொன்னது.

ஆறாவது திரைக்குப் போன நாள். கடையில் இருந்த பையன்கள் எல்லாரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். ஐந்து திரைகளிலும் முந்நூறு எடுத்திருந்தோம். ஆறாவதில் எண் தெரியாது. மற்ற ஐந்தும் போன போக்கை வைத்து ஓர் எண்ணை ஊகித்து, எண்ணி, நிறுத்தி, விட்டேன். முந்நூறு. பையன்கள் போட்ட சத்தத்தில் எனக்குப் பின்னால் நடந்தது கேட்கவில்லை. என் பின்னலை ஒரு கை பிடித்தது. அப்பா. சைக்கிளுக்கு டியூப் மாற்ற வந்திருந்தார்.

"பொம்பளப் பிள்ளைக்கு இங்க என்னா வேல?"

அண்ணன் குறுக்கே வந்தான். "அவ ஆடலப்பா! சத்தியமா. சும்மா பக்கத்துல நின்னு வேடிக்கதான் பார்த்தா."

அவன் அடி வாங்கினான். என்மேல் ஓர் அடிகூட விழவில்லை. அதற்கு அன்றைக்கு அவனுக்கு நன்றியோடு இருந்தேன். இன்றைக்கும் அந்த ஒரு நாளுக்கு நன்றி உண்டு. அதன்பின் நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், ஆறாவது எண்ணை எழுதாமலே. அவன் மட்டும் தொடர்ந்து போனான், இரண்டு கையாலும் ஆடக் கற்றுக்கொண்டான். ஆனால் அப்பாவிடம் சொன்ன பொய் அப்பாவோடு முடிந்திருக்க வேண்டும். அதை எடுத்துத் தன் ஞாபகமாக்கிக்கொள்ள இவனுக்கு யார் அனுமதி கொடுத்தது?

புதன்கிழமை, வேலை முடிந்து நான் குளித்து வந்த நேரத்தில் அண்ணன் வாசலில் நின்றான். கையில் மடிக்கணினியும், மேசினில் இருந்ததைப் போலவே ஒரு ஸ்டிக்கும்.

"ஆறாவது நம்பர் நோட்டுல இல்ல. உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"சொல்லு. மத்ததெல்லாம் அசல். அது ஒன்ன மட்டும் நான் சும்மா போட்டா எனக்கே உறுத்தும்."

"உறுத்துதா? நல்லது. உட்காரு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். நின்றுகொண்டே கேட்டேன்.

"அந்த மேசின்ல பட்டன் எப்படி இருக்கும், சொல்லு."

"எப்படின்னா? பட்டன் பட்டன் மாதிரிதான் இருக்கும். சிவப்பா, வட்டமா."

"அமுக்குனா?"

"அமுக்குனா சுடும். என்னாலா இது, பரீட்சையா?"

"அமுக்குனா உள்ளயே நிக்கும்ணே. ஸ்பிரிங் செத்துப்போன பட்டன். ஒவ்வொரு குண்டுக்கும் நகத்தால தூக்கிவிடணும். அமுக்கு, தூக்கு, அமுக்கு, தூக்கு. இந்த விரல் நகம் என்னைக்குமே பாதியாத்தான் இருக்கும். அம்மா கேட்டா, டீச்சர் வெட்டச் சொன்னாங்கன்னு சொல்லுவேன்."

அவன் என் விரலைப் பார்த்தான். இப்போது அந்த நகம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

"நான் ஆடறப்போ நல்லாத்தானே இருந்துச்சு..."

"தவுக்கே அப்புறம் மாத்திட்டாரு. நான் வர்றத நிறுத்துனப்புறம். நீ மாத்தின பட்டனத்தான் அமுக்குன. பழைய பட்டன நீ தொட்டதே இல்ல."

மறுபடியும் என் விரலைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "நீ எண்ணுவன்னு தெரியும். அமுக்குனது நான்னுதான் நெனச்சேன்... வேடிக்கன்னு அப்பாகிட்ட நான்தானே..." என்று இழுத்தான்.

"நீதான். அன்னைக்கு எனக்காகச் சொன்ன. இப்ப யாருக்காக எழுதியிருக்க?"

அவன் ஸ்டிக்கின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் விடவில்லை. தானாகச் சுடுவதை எடுக்க வேண்டும், பட்டன் வேண்டும், அந்த வரியைத் திருத்த வேண்டும். பிறகு நம்பர் என்றேன்.

"பட்டன் வச்சா இப்ப யாரும் ஆட மாட்டாங்கலா. கஷ்டம்னு தூக்கிப் போட்டுருவாங்க."

"அப்ப தூக்கிப் போடட்டும்."

"எவ்ளோ பிடிவாதம்லா உனக்கு."

"எட்டு வரி எழுதத் தெரியுது. ஒன்ன திருத்த கஷ்டமா?"

தேநீர் கேட்கவில்லை, நானும் போடவில்லை. போய்விட்டான்.

சனிக்கிழமை காலை கைப்பேசிக்குப் புதிய ஆட்டத்தை அனுப்பியிருந்தான். திறந்தேன். வலது மூலையில் சிவப்பாக, வட்டமாக, பட்டன். தானாகச் சுடுவது இல்லை. அமுக்கினேன், பட்டன் உள்ளே போய் நின்றது. விரலால் மேலே இழுத்துவிட்டால்தான் எழுந்தது. அதைக்கூடச் செய்திருந்தான். ஒப்புக்குச் செய்கிறவனால் அது முடியாது. என் கோபம் ஒரு நிமிடம் ஆட்டம் கண்டது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வரிகளை எண்ணினேன். ஏழு. தவுக்கே இருக்கிறார், சைக்கிள் கடை இருக்கிறது, அண்ணன் தினமும் ஆடுகிறான். தங்கச்சி இல்லை. வேடிக்கை பார்த்தவளைக்கூட எடுத்துவிட்டான்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டான். "பார்த்தியா? பட்டன் வச்சுட்டேன். அந்த வரியையும் எடுத்துட்டேன். சரியா? இப்ப நம்பரச் சொல்லு."

"எடுக்கச் சொல்லல அண்ணே. திருத்தச் சொன்னேன்."

"ஏன்லா, தப்பான வரிதானே, போச்சுல்ல? இன்னும் என்னா கோபம்?"

"அங்க யாரு பட்டன அமுக்குனான்னு எழுது. அப்புறம் பேசலாம்."

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "எழுதிக் குடுத்துட்டு வாங்களேன், ஒரு வரிதானே! நான் எழுதட்டுமா?" அண்ணன் அவரை ஏதோ அதட்டினான். நான் போனை வைத்துவிட்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. மாலை ஏழு மணி வரை புது வரி வரவில்லை. மூன்று முறை திறந்து பார்த்தேன். முதல் ஐந்து திரைகளின் எண்களையும் நோட்டின் படங்களிலிருந்து, இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் புத்தகத்தில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன். ஆறாவதுக்கு நேரே இடம் விட்டிருக்கிறேன். எதையும் எழுதிவைக்காமல் விடுவது என் வழக்கம் இல்லை. இதை மட்டும் எழுதப் போவதில்லை, அவன் அந்த வரியை எழுதும்வரை.