கோபுரத்தைப் பார்க்காமல் வந்தவர்கள்

நான் மன்னாரில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கடற்பசுக்களைப் பற்றி ஆய்வும் செய்கிறேன். அதற்காக மீனவர் ஒருவர் சென்ற வருடம் என்னைத் தன் படகில் கூட்டிப்போனார். கரையில் கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வந்ததும் எஞ்சினை நிறுத்தினார். கடற்றொழிலாளர் நடுக்கடலில் இடத்தை இப்படித்தான் அடையாளம் காண்பார்கள். சற்று நேரத்தில் கடற்பசு ஒன்று குட்டியோடு மூச்சுவிட மேலே வந்தது.

“ரீச்சர், இந்த இடத்தை என்ர தம்பிக்கும் சொல்லேல்லை” என்றார்.

போனில் எடுத்த படங்களை அன்றே ஓர் இணைய ஆய்வுத் தளத்தில் ஏற்றினேன். யாரும் பார்க்கக்கூடிய தளம் அது. பதிவேற்ற விதிகள் நீளமாக இருந்தன. வாசிக்காமலே ‘சம்மதம்’ என்பதை அழுத்தினேன்.

இரண்டு கிழமை கழித்து அவர் அழைத்தார்.

“ரீச்சர், அந்த இடத்தை ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“ஐயோ, இல்லை அண்ணை. ஏன்?”

“தெரியாத படகொண்டு அங்க வலை விரிச்சு நிக்குது. ஒருத்தரும் கோபுரத்தைப் பாக்கேல்லை. போனைப் பாத்துக்கொண்டு நேர வந்தவை.”

போன் என்றதும் நான் ஏற்றிய படங்கள் நினைவுக்கு வந்தன. விதிகளைத் திறந்தேன். அருகிவரும் உயிரினங்களின் படங்களை ஏற்றுமுன், அவற்றினுள் பதிந்துள்ள இடக்குறிப்பை நீக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் உடனே அழித்தேன். ஆனால் பிந்திவிட்டது. தாயையும் குட்டியையும் அதன்பிறகு யாரும் காணவில்லை.

இப்போது எந்த விதியையும் வரிவரியாக வாசிக்கிறேன். போனில் இடம் பதிவதை நிறுத்திவிட்டேன். இதில்கூட அந்த மீனவக் கிராமத்தின் பெயரை எழுதவில்லை.

தம்பிதான் களவாகப் பின்னால் வந்து பார்த்திருப்பான் என்று நம்பி, அந்த அண்ணை அவனோடு கதைப்பதையே விட்டுவிட்டார். இதைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்துவிட்டு அவர் வீட்டுக்குத்தான் போகப்போகிறேன்.